கால் பங்கில் நிறுத்துங்கள்

சேலையூரில் என் மாடியறைக்கு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அமெச்சூர் டிரான்ஸ்மிட்டர் கட்டக் கற்க வரும் பிள்ளைகளின் கையில் பெரும்பாலும் ஒரு 807 வால்வு இருக்கும். தாத்தாவின் பெட்டியிலிருந்து எடுத்ததாகவோ, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பேரம் பேசி வாங்கியதாகவோ இருக்கும். உட்கார்ந்ததும் கேட்பது ஒரே கேள்வி: "சார், மாடுலேஷன் டிரான்ஸ்பார்மர் எங்கே கிடைக்கும்?"

முப்பது வாட் ஆடியோவைத் தாங்குகிற மாடுலேஷன் டிரான்ஸ்பார்மர் இன்று ரிச்சி தெரு முழுக்க அலைந்தாலும் கிடைப்பது அரிது. சுற்றித் தரச் சொன்னால் செம்பு விலை மலைக்க வைக்கும். நான் தொடங்கிய காலத்திலும் எங்களால் அதை வாங்க முடிந்ததில்லை. மூர் மார்க்கெட்டில் ராணுவக் கழிவுச் சாமான்களுக்கு நடுவே ஒன்று கிடந்தால், பத்து பேர் அதைச் சுற்றி நிற்போம். 1985 மே மாதம் அந்த மார்க்கெட் எரிந்தபோது அப்படி எத்தனை போயிற்றோ. ஆகவே ஸ்கிரீன் கிரிட்டில் குரலை ஏற்றும் வழிக்கு வந்தோம். கையில் காசில்லாமல் வந்தோம். பிடித்துப்போய் அங்கேயே இருந்துவிட்டோம். அந்த வழியில் ஐம்பது ஆண்டு நடந்தவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. முதலில் உரிமம். நம் நாட்டில் டிரான்ஸ்மிட்டரை வைத்திருப்பதற்கே அனுமதி வேண்டும், ஏரியலில் மாட்டுவது அப்புறம். சென்னைக்காரர்களுக்குத் தேர்வு தொலைவில் இல்லை. பெருங்குடியிலுள்ள வயர்லெஸ் கண்காணிப்பு நிலையம்தான் அதை நடத்துகிறது. விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் மாதங்களில் ஒரு ரிசீவரை வைத்துக்கொண்டு 7 மெகாஹெர்ட்ஸைக் கேளுங்கள். எந்த நேரத்தில் பெங்களூரு வருகிறது, எப்போது இலங்கையின் 4எஸ்7 நிலையங்கள் வருகின்றன, மழைக்கு முன் இரைச்சல் எப்படி ஏறுகிறது என்று நோட்டில் எழுதுங்கள். 1939இல் போர் தொடங்கியதும் இந்தியாவில் அமெச்சூர் உரிமங்கள் அனைத்தும் ரத்தாயின. நமக்குக் கொடுத்திருப்பது திரும்ப வாங்கிக்கொள்ளக்கூடிய ஒன்று என்பதை மறக்காதவர்கள்தான் இதில் நெடுங்காலம் நிலைத்தார்கள்.

2. ஸ்கிரீன் என்ன செய்கிறது என்பதை மனத்தில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். 807க்குள் நடுவில் கேத்தோடு. அதைச் சுற்றிக் கண்ட்ரோல் கிரிட், அதற்கு வெளியே ஸ்கிரீன் கிரிட், எல்லாவற்றுக்கும் வெளியே பிளேட். கேத்தோடிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்களை இழுப்பது பெரும்பாலும் ஸ்கிரீனின் வோல்டேஜ்தான். பிளேட் வோல்டேஜை நூறு வோல்ட் ஏற்றி இறக்கினாலும் பிளேட் கரண்ட் அவ்வளவாக அசையாது. ஸ்கிரீனில் நூறு வோல்ட் குறைத்துப் பாருங்கள், கரண்ட் பாதியாக விழும்.

ஏரியும் மதகும் என்று நான் சொல்வது வழக்கம். பிளேட் மாடுலேஷன் என்பது உங்கள் குரலுக்கேற்ப ஏரியின் நீர்மட்டத்தையே ஏற்றி இறக்குவது. அதற்கு யானை பலம் வேண்டும்: பிளேட்டுக்குப் போகிற டிசி சக்தியில் பாதி அளவு ஆடியோ வேண்டும். 60 வாட் போகிறதென்றால் 30 வாட் ஆடியோ. ஸ்கிரீன் மாடுலேஷனில் ஏரி அப்படியே நிற்கிறது, மதகுப் பலகையை மட்டும் ஏற்றி இறக்குகிறீர்கள். ஒரு வாட், இரண்டு வாட் ஆடியோவே போதும்.

ஆனால் பாதி திறந்த மதகில் தண்ணீர் மோதி வீணாவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வீண் இங்கேயும் உண்டு, வால்வுக்குள் சூடாக. அடுத்த கணக்கு முழுவதும் அந்தச் சூட்டைப் பற்றியதுதான்.

3. இந்தக் கணக்கை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். 807ஐ மோர்ஸ் அனுப்புவதுபோல முழு வேகத்தில் ஓட்டினால் பிளேட்டில் 600 வோல்ட், 100 மில்லிஆம்பியர். ஸ்கிரீனில் 250 வோல்ட். உள்ளே போவது 60 வாட், ஏரியலுக்கு வருவது சுமார் 40 வாட். இது உங்கள் குரலின் உச்சத்துக்கு ஒதுக்கிய இடம். பேசாமல் இருக்கும்போது வால்வு இங்கே இருக்கக் கூடாது.

நூறு சதவீத மாடுலேஷனில் குரலின் உச்சத்தில் ஆர்எஃப் வோல்டேஜ், பேசாதபோதும் போய்க்கொண்டிருக்கும் கேரியர் அலையைப்போல இரண்டு மடங்காகும். வோல்டேஜ் இரண்டு மடங்கானால் சக்தி நான்கு மடங்கு. அப்படியானால் உச்சம் 40 வாட்டாக இருக்கும் வால்வில் கேரியர் 10 வாட்தான் இருக்க முடியும். கால் பங்கு. ஸ்கிரீன் வோல்டேஜை ஏறத்தாழப் பாதிக்கு இறக்கினால் பிளேட் கரண்ட் 50 மில்லிஆம்பியருக்கு வரும். உள்ளே போவது 30 வாட், வெளியே 10 வாட், மிச்சம் 20 வாட் பிளேட்டில் சூடு. 807இன் பிளேட் தாங்குவது 25 வாட். பாதுகாப்புக்கு இடம் இருக்கிறது, தாராளம் இல்லை.

பிள்ளைகள் எல்லோரும் தவறுவது இங்கேதான். வாட்மீட்டரில் 10 என்று பார்த்ததும் முகம் வாடிவிடும். 60 வாட் வால்வில் பத்துதானா என்று ஸ்கிரீன் வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றுவார்கள். மீட்டர் 18 காட்டும். மனம் குளிரும். ஆனால் குரல் ஏறுவதற்கு மேலே இடமில்லை. உச்சங்கள் தட்டையாகி, பேச்சு கரகரவென்று அலைப்பட்டை முழுக்கத் தெறிக்கும். கேட்பவருக்கு வலுவான கேரியர் கேட்கும், அதன்மேல் புரியாத பேச்சு கேட்கும்.

அந்தக் கால் பங்கை இழப்பாக எண்ணாதீர்கள். நான்கில் ஒன்று என்பது 6 டெசிபல். எதிர்முனையில் எஸ் மீட்டரில் ஒரே ஓர் அலகு. ஒன்பது எட்டாக மாறும், அவ்வளவுதான். 1924 ஜூலை 31இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் மதராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் இந்த ஊரில் ஒலிபரப்பைத் தொடங்கியபோது அவர்கள் கையில் இருந்ததும் 40 வாட் டிரான்ஸ்மிட்டர்தான். உங்கள் குரலின் உச்சமும் அதே 40. அதற்கு மேல் பேராசை வேண்டாம்.

4. பிளேட்டில் வோல்டேஜ் இல்லாமல் ஸ்கிரீனுக்கு வோல்டேஜ் கொடுக்காதீர்கள். ஒரு விநாடிகூடக் கொடுக்காதீர்கள். பிளேட்டுக்குப் போக வேண்டிய எலக்ட்ரான்கள் அத்தனையும் அந்த மெல்லிய கம்பிச்சுருளில் வந்து விழும். அது தாங்குவது மூன்று, மூன்றரை வாட். இருட்டறையில் பார்த்தால் உள்ளே செந்நிறத்தில் ஒரு சுருள் தெரியும். அதைப் பார்த்தீர்களென்றால் வால்வு போய்விட்டது என்று அர்த்தம். ஆகவே ஸ்கிரீன் சப்ளையைப் பிளேட் சப்ளையிலிருந்தே எடுங்கள், அல்லது ஒரு ரிலே வைத்து, பிளேட் வந்த பிறகே ஸ்கிரீன் வருமாறு செய்யுங்கள்.

கிறிஸ்டல் ஆசிலேட்டரிலிருந்து கண்ட்ரோல் கிரிட்டுக்கு வரும் டிரைவ் நின்றுபோனால் வேறு ஆபத்து. கண்ட்ரோல் கிரிட்டின் பயாஸ் டிரைவிலிருந்தே உண்டாகிறது என்றால், கிறிஸ்டல் நின்ற கணத்தில் பயாஸும் போய், பிளேட் கரண்ட் எகிறிப் பிளேட் சிவந்துவிடும். அதற்குத்தான் கிளாம்ப் வால்வு என்று ஒரு 6ஒய்6ஐயோ 6வி6ஐயோ வைப்பார்கள். டிரைவ் நின்றதும் அது விழித்துக்கொண்டு ஸ்கிரீன் வோல்டேஜைக் கீழே இழுத்துவிடும். காவலுக்கு வைத்த அந்த வால்வுக்கே ஆடியோவைக் கொடுத்து மாடுலேட்டராக்கியவர்களும் உண்டு. சிக்கனமான வழிதான், ஆனால் அதனால் ஸ்கிரீனைப் பூஜ்யம் வரை இழுக்க முடியாது. மாடுலேஷன் ஆழம் குறையும். காவலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

5. 600 வோல்ட் உங்களைக் கொல்லும். இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல மாட்டேன். நான் கல்லூரி முடித்த ஆண்டு, சுவிட்சை அணைத்துப் பத்து நிமிடம் ஆயிற்றே என்று நம்பிச் சேசிஸுக்குள் கை விட்டேன். தேங்கிய சார்ஜை வடிக்கும் பிளீடர் ரெசிஸ்டர் எப்போதோ எரிந்து அறுந்திருந்தது எனக்குத் தெரியாது. ஃபில்டர் கண்டென்சரில் தேங்கியிருந்தது அத்தனையும் என் வலக்கையில் இறங்கியது. சுவரில் போய் மோதினேன். அம்மா ஓடிவந்து பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அம்மாவின் அந்த முகத்தை இன்றும் மறக்கவில்லை.

பிளீடரை இரட்டிப்பாகப் போடுங்கள், ஒன்று போனாலும் மற்றது இருக்கும். ஓர் உலர்ந்த மரக்கோலின் நுனியில் பித்தளைக் கொக்கியை மாட்டி, அதிலிருந்து கெட்டியான ஒயரைச் சேசிஸில் இணைத்து வையுங்கள். உள்ளே கை போகும் முன் அந்தக் கொக்கி பிளேட் லைனைத் தொட்டிருக்க வேண்டும். இடக்கை பாக்கெட்டில். நம் வீடுகளில் வெறுங்காலோடு திரிகிறோம், மழைக்காலத்தில் மொசைக் தரை வேர்த்துக்கிடக்கும். ரேடியோ அறைக்கென்று ஒரு ரப்பர் செருப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். 807இன் பிளேட் இணைப்பு தலையில் வெளியே தெரியும் தொப்பி என்பதும், அது முழு வோல்டேஜில் நிற்கிறது என்பதும் வீட்டுக் குழந்தைகளுக்குத் தெரியாது. கம்பிவலைக் கூண்டு இல்லாமல் ஓட்டாதீர்கள்.

ரெக்டிஃபயருக்கு இப்போது எல்லோரும் 1என்4007 போடுகிறார்கள். 600-0-600 டிரான்ஸ்பார்மரில் ஒவ்வொரு பக்கத்து டயோடும் எதிர்த்திசையில் சுமார் 1,700 வோல்ட் தாங்க வேண்டும். அதன் வரம்பு 1,000. பக்கத்துக்கு மூன்றாகத் தொடரில் போடுங்கள். விலை சில ரூபாய்தான்.

6. மாடுலேட்டருக்குப் பெரிய வால்வைத் தேடாதீர்கள். பழைய வால்வு ரேடியோவின் இஎல்84 ஒன்றும், மைக்குக்கு இசிசி83 ஒன்றும் போதும். இரண்டையும் பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் செய்துகொண்டிருந்தது. காயலான் கடைகளில் இன்னும் தட்டுப்படும். (குரோம்பேட்டை எம்ஐடியில் எலக்ட்ரானிக்ஸ் படித்த நம் எழுத்தாளர் சுஜாதா வேலை பார்த்ததும் அதே நிறுவனத்தில்தான். 1949இல் சி. ராஜம் தொடங்கிய அந்தக் கல்லூரி நம் பக்கத்தில் இருந்ததால், வால்வுக் கணக்கு தெரிந்த ஒருவராவது ரயிலில் எதிர்சீட்டில் கிடைப்பார். எனக்கு ஸ்கிரீன் கரண்டின் குணத்தை முதலில் விளக்கியவர் அப்படிக் கிடைத்தவர்.)

டிரான்ஸ்பார்மருக்கு ஒரு வழி சொல்கிறேன். பழைய ரேடியோவின் 250-0-250 மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரை எடுத்துக்கொள்ளுங்கள். நடுமுனை 250 வோல்ட் சப்ளைக்கு, ஒரு முனை இஎல்84இன் பிளேட்டுக்கு, மறுமுனை 807இன் ஸ்கிரீனுக்கு. ஸ்கிரீனுக்குப் போகும் வழியில் டிசியைப் பாதியாக்க ஒரு ரெசிஸ்டர், அதன் குறுக்கே ஆடியோ குறையாமல் போக 8 மைக்ரோஃபாரட் கண்டென்சர். மற்ற முனைகளை நன்றாக டேப் சுற்றிவிடுங்கள். மெயின்ஸ் பக்கச் சுற்றிலும் ஆடியோ வோல்டேஜ் எழும்.

இப்போது அந்த ரயில் நண்பர் சொன்னது. ஸ்கிரீன் ஒரு நேர்மையான சுமை இல்லை. வோல்டேஜ் தாழ்வாக இருக்கும்போது ஏறக்குறைய ஒன்றுமே எடுக்காது, உச்சத்தில் திடீரென்று ஏழெட்டு மில்லிஆம்பியர் கேட்கும். சில வேளை கரண்ட் எதிர்த்திசையிலும் ஓடும், எலக்ட்ரான்கள் மோதிச் சிதறுவதால். இப்படி மாறிக்கொண்டே இருக்கும் சுமையை ஓட்டும் வால்வு தடுமாறும், குரல் கோணும். பரிகாரம் எளிது: டிரான்ஸ்பார்மரின் ஸ்கிரீன் பக்கச் சுற்றின் குறுக்கே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, ஐந்து வாட் தாங்குவதாக. ஆடியோவில் முக்கால் வாட் அதில் வீணாகும். போகட்டும். அந்த வீணாகும் முக்கால் வாட்தான் மாடுலேட்டரை நிதானமாக வைத்திருக்கிறது.

இரண்டாவது டிரான்ஸ்மிட்டர் செய்யும்போது டிரான்ஸ்பார்மரையே விட்டுவிடுங்கள். கேத்தோடு ஃபாலோயர் போடுங்கள். அதன் கேத்தோடிலிருந்து நேராக ஸ்கிரீனுக்கு. என் அனுபவத்தில் இதைவிடத் தெளிவான குரல் கொடுக்கும் வழி இல்லை. இரண்டு எச்சரிக்கை. ஃபாலோயர் வால்வின் கேத்தோடு 250 வோல்ட் வரை எழும். சிறு வால்வுகளில் ஹீட்டருக்கும் கேத்தோடுக்கும் இடையிலான காப்பு நூறு முதல் இருநூறு வோல்ட்தான் தாங்கும். அந்த வால்வுக்குத் தனி ஹீட்டர் சுற்று வேண்டும். இன்னொன்று, ஸ்கிரீன் பூஜ்யத்துக்கு வந்தாலும் 807 முழுதாக அடங்காது; கொஞ்சம் நெகட்டிவ் பக்கம் போனால்தான் அடங்கும். ஆகவே கேத்தோடு ரெசிஸ்டரின் அடிமுனையைச் சேசிஸில் கட்டாமல் ஒரு நெகட்டிவ் சப்ளையில் கட்டுங்கள்.

7. ஸ்கிரீனின் பைபாஸ் கண்டென்சர் 0.001 மைக்ரோஃபாரட் போதும். படத்தில் 0.01 என்று இருந்தால் அது மோர்ஸ் டிரான்ஸ்மிட்டரின் படம். ஆர்எஃப்பைத் தரைக்கு அனுப்ப இரண்டுமே போதும்தான். ஆனால் 3,000 ஹெர்ட்ஸ் ஆடியோவுக்கு 0.001இன் தடை 53 கிலோ ஓம், 0.01இன் தடை 5.3 கிலோ ஓம். உங்கள் குரலின் மேல்பாதி அதன் வழியே தரைக்குப் போய்விடும். பேச்சு கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும்.

இதைச் சோதிக்க "ஹலோ டெஸ்டிங் ஒன் டூ த்ரீ" உதவாது. தமிழில் சோதியுங்கள். "பலம், பள்ளம், பழம்" என்று சொல்லி, எதிரே கேட்பவரை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். மூன்று எழுத்தும் பிரிந்து கேட்டால் உங்கள் ஆடியோவின் மேல்பகுதி உயிரோடிருக்கிறது. நானும் பெங்களூரிலிருந்த என் நண்பரும் ஒரு வருடம் இப்படித்தான் ஒருவருக்கொருவர் சோதித்துக்கொண்டோம். அதே சமயம் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் 300க்குக் கீழும் மைக் ஆம்ப்ளிஃபயரிலேயே வெட்டிவிடுங்கள். அந்தப் பகுதியால் பேச்சு புரிவதில்லை, பட்டைதான் அகலமாகிறது.

8. ட்யூன் செய்யும் முறையில் அவசரம் ஆகாது. ஏரியலில் செய்யாதீர்கள், டம்மி லோடில் செய்யுங்கள். ஆயிரம் ஓம், இரண்டு வாட் கார்பன் ரெசிஸ்டர் இருபதை இணையாகக் கட்டினால் 50 ஓம், 40 வாட். கம்பி சுற்றிய ரெசிஸ்டர் கூடாது. மின்விளக்கை லோடாக வைப்பவர்கள் உண்டு; சூடேறச் சூடேற அதன் தடை மாறுவதால் கணக்கு பொய்யாகும்.

ஆடியோவை முழுக்கக் குறைத்துவிட்டு, ஸ்கிரீனுக்குத் தற்காலிகமாக முழு 250 வோல்ட் கொடுங்கள். கிரிட் டிரைவ் இரண்டரை, மூன்று மில்லிஆம்பியர். அதற்கு மேல் வேண்டாம். பிளேட் ட்யூனிங்கை டிப்புக்கு (கரண்ட் மிகக் குறையும் இடத்துக்கு) கொண்டுவந்து, லோடிங்கை ஏற்றி, அவுட்புட் உச்சத்துக்கு வரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு அந்த இடத்தையும் தாண்டி, அவுட்புட் துளி குறையத் தொடங்கும் வரை லோடிங்கை ஏற்றுங்கள். மோர்ஸுக்கு இது தவறு, இங்கே இதுதான் சரி: லோடிங் இறுக்கமாக இல்லாவிட்டால் உச்சங்கள் தட்டையாகும். முழு ஸ்கிரீனில் சில விநாடிகளுக்கு மேல் வைத்திருக்காமல், விட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இப்போது ஸ்கிரீனை இறக்குங்கள். ஆர்எஃப் ஆம்பியர் மீட்டர் இருந்தால், 50 ஓமில் 40 வாட்டுக்கு 0.89 ஆம்பியர் காட்டியது 0.45க்கு வரவேண்டும். மீட்டர் இல்லையென்றால் ஆசிலோஸ்கோப்பில் அலையின் உயரம் சரிபாதியாக வேண்டும். வோல்டேஜ் பாதி, சக்தி கால். அங்கே நிறுத்துங்கள். அந்தக் குமிழில் ஒரு சொட்டு பெயின்ட் வைத்துவிடுங்கள், பிறகு அதைத் தொடக் கை வராது.

9. பேசும்போது பிளேட் மீட்டரின் முள் அசையக் கூடாது. பிளேட் மாடுலேஷனிலும் இப்படித்தான், ஆனால் இங்கே அது இன்னும் முக்கியமான சாட்சி. குரல் கரண்டை எவ்வளவு ஏற்றுகிறதோ அவ்வளவே இறக்கினால் சராசரி மாறாது. பேசும்போது முள் கீழே போனால் உச்சம் அடைபட்டிருக்கிறது: கேரியர் அதிகம், அல்லது லோடிங் போதவில்லை, அல்லது டிரைவ் போதவில்லை. மேலே போனால் கேரியரைக் குறைவாக வைத்திருக்கிறீர்கள், அல்லது கீழ்ப்பக்கம் வெட்டுப்படும் அளவு கத்துகிறீர்கள். ஏரியல் கரண்ட் மட்டும் ஏறலாம். விசில் அடித்தால் 0.45 சுமார் 0.55 ஆகும்.

ஸ்கோப் வைத்திருப்பவர்கள் எக்ஸ்-ஒய் முறையில் ஆடியோவைக் கிடைமட்டத்திலும் ஆர்எஃப்பை மேல்கீழாகவும் கொடுத்துப் பாருங்கள். ஒரு சரிவகம் தெரியும். ஆடியோவை ஏற்றினால் முக்கோணமாகும். பக்கங்கள் நேர்கோடாக இருந்தால் நீங்கள் நல்ல பிள்ளை. அகன்ற முனையில் கோடு வளைந்து படுத்தால் உச்சம் போதவில்லை. கூர்முனையில் வால் முளைத்தால் அளவுக்கு மீறிவிட்டீர்கள். அந்த வால்தான் பக்கத்து நிலையங்களின் காதில் தெறிக்கிறது. கூர்முனைக்குச் சற்று முன் லேசான வளைவு எல்லா ஸ்கிரீன் மாடுலேட்டருக்கும் உண்டு. எண்பது, எண்பத்தைந்து சதவீதத்தோடு நின்றுகொண்டால் அந்த வளைவு யாருக்கும் கேட்காது.

10. கண்ட்ரோல்டு கேரியர் என்று ஒன்றைப் படிப்பீர்கள். ஹீத்கிட்டின் டிஎக்ஸ்-60 போன்ற செட்டுகளில் 6146 வால்வோடு இருந்தது. பேசாதபோது கேரியர் தாழ்ந்திருக்கும், பேசப்பேச ஏறும். வால்வு குளிர்ந்திருக்கும், உச்சமும் பெரிதாகக் கிடைக்கும். ஆனால் எதிர்முனை ரிசீவரின் தானியங்கி ஒலிக் கட்டுப்பாடு கேரியரைப் பார்த்துத்தான் வேலை செய்கிறது. கேரியர் துள்ளினால் அதுவும் துள்ளும். வார்த்தைகளுக்கு நடுவே இரைச்சல் பொங்கிப் பொங்கி அடங்கும். நான் இரண்டு வருடம் ஓட்டிப் பார்த்துவிட்டு நிலையான கேரியருக்கே திரும்பினேன். தொடங்குகிறவர்களுக்கு நிலையானதையே சொல்வேன்.

11. நம் பக்கத்துக் கரண்டையும் காற்றையும் கணக்கில் சேருங்கள். கோடை இரவில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 195 பார்த்திருக்கிறேன். ஸ்கிரீன் வோல்டேஜ் அதோடு சேர்ந்து இறங்கினால் பகலில் பார்த்துப் பார்த்து வைத்த கால் பங்கு இரவில் கலைந்துவிடும். விஆர்150, விஆர்105 என்ற இரண்டு வாயு வால்வுகளைத் தொடரில் வைத்தால் 255 வோல்ட் அசையாமல் நிற்கும். கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஒளிரவும் செய்யும். கிடைக்காவிட்டால் ஸீனர் டயோடுகளைத் தொடரில் வையுங்கள்.

ஈரம் அடுத்தது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தபோது, நண்பர் ஒருவரின் மூன்று டிரான்ஸ்பார்மர்கள் இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தன. அவர் உடனே சுவிட்ச் போடாமல் என்னிடம் கொண்டுவந்தார், அந்தப் பொறுமைதான் கைகொடுத்தது. இரண்டு வாரம் வெயில், பிறகு ஒரு மரப்பெட்டிக்குள் 60 வாட் பல்பின் சூட்டில் பத்து நாள், அதன் பிறகு மெக்கரில் காப்பு பார்த்தோம். இரண்டு பிழைத்தன. கருவிகளைத் தரையில் வைக்காதீர்கள், மேசையின் கீழ்த்தட்டிலும் வைக்காதீர்கள்.

தண்டவாளத்துக்கு அருகில் குடியிருப்பவர்கள் இரைச்சலுக்குப் பழகிக்கொள்ள வேண்டும். 1931இலிருந்து தாம்பரம் பாதையில் மின்சார ரயில் ஓடுகிறது. ஒயரில் பொறி பறக்கும்போது காதில் கேட்காமல் இருக்காது. ஏரியலைத் தண்டவாளத்துக்கு இணையாகக் கட்டாமல் குறுக்காகக் கட்டிப் பாருங்கள். எனக்குக் கொஞ்சம் உதவியது. 7 மெகாஹெர்ட்ஸ் டைபோலுக்கு மொத்தம் இருபது மீட்டர் ஒயர். இரண்டு தென்னைக்கு இடையே கட்டினால் ஒரு முனையில் கப்பியும் எடைக்கல்லும் தொங்கவிடுங்கள், மரம் ஆடும்போது ஒயர் அறாது. மீனம்பாக்கமும் விமானப்படைத் தளமும் நம்மைச் சுற்றி இருக்கின்றன. உயரமான கம்பம் நடுவதானால் கேட்டுவிட்டு நடுங்கள்.

12. 807 நல்ல வால்வு, ஆனால் காரணமில்லாமல் தானே ஊளையிடும். அதை அடக்க, பிளேட் தொப்பி ஒயரில் 47 ஓம் ரெசிஸ்டர் மேல் நான்கைந்து சுற்றுக் கம்பி, ஸ்கிரீன் காலிலேயே ஒட்டி ஒரு சிறு ரெசிஸ்டர், அடிப்பாகத்தைச் சுற்றித் தகரக் கவசம். குரல் உச்சத்தில் மட்டும் தலைகாட்டும் ஊளை உண்டு. சரிவகத்தின் ஓரத்தில் பஞ்சுபோலத் தெரியும். அது தெரிந்தால் முதலில் இதைச் சரிசெய்யுங்கள், ஆடியோவைத் திருத்தி நேரத்தை வீணாக்காதீர்கள்.

அக்கம்பக்கத்தாரை மறக்க வேண்டாம். 1975 ஆகஸ்ட் 15இல் சென்னையில் தூர்தர்ஷன் வந்த பிறகு, 7 மெகாஹெர்ட்ஸின் ஒன்பதாவது ஹார்மோனிக் 63இல் போய் விழுந்து எதிர்வீட்டுப் படத்தைக் கலைத்தது. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் நிகழ்ச்சி நேரத்தில் நான் மைக்கைத் தொடவே மாட்டேன். பை நெட்வொர்க்கும் லோ பாஸ் ஃபில்டரும் போட்ட பிறகுதான் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தேன். இப்போது அந்தப் படம் இல்லை, ஃபில்டர் இல்லாமல் இருக்கலாம் என்று நினைக்காதீர்கள். உங்கள் ஹார்மோனிக் இன்று யாருடைய கருவியில் விழுகிறது என்று உங்களுக்குத் தெரியாது.

13. நாம் அனுப்பும் இந்த ஏஎம் சிக்னல் ஆறு கிலோஹெர்ட்ஸ் இடம் எடுக்கும். எஸ்எஸ்பி பேசுபவர் அதில் பாதியில் பேசுகிறார். ஆகவே கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, கேட்டுவிட்டு, இடம் காலியா என்று விசாரித்துவிட்டுப் பேசுங்கள். காலை பத்து மணிக்கு மேல் நல்ல நேரம். சில நூறு கிலோமீட்டர் தெளிவாகப் போகும். பத்து வாட் கேரியர் என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். என் நோட்டில் ஸ்கிரீன் மாடுலேஷனின் முதல் பதிவு மதுரை நிலையம் ஒன்று. அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "மாடுலேட்டரில் எத்தனை 6எல்6 வைத்திருக்கிறீர்கள்?" ஒன்றும் இல்லை, ரேடியோவில் பாட்டுக் கேட்கிற வால்வுதான் என்றேன். அவர் மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னேன்.

14. உரிமம் வந்து, செட்டும் முடிந்தால், ஏரியலில் மாட்டும் முன் என்னிடம் கொண்டுவாருங்கள். ஸ்கோப் மேசைமேல் எப்போதும் தயாராக இருக்கிறது. கேம்ப் ரோடு நிறுத்தத்தில் இறங்கி யாரைக் கேட்டாலும் ஏரியல் வீடு என்று காட்டுவார்கள். கரண்ட் சீராக இருக்கும் காலை வேளையில் வந்தால் நல்லது. டம்மி லோடும், ரப்பர் செருப்பும், கொக்கி மாட்டிய கோலும் நீங்களே கொண்டுவர வேண்டும்.